விண்டோஸ் 11க்கு மாறியதும் டிவிடி டிரைவைக் காணோம், புதிதாக அடிக்கவும் முடியவில்லை

எழுவான்:

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், அங்கே இருக்கிற டெஸ்க்டொப்பில்தான் பிரச்சினை. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். முதலில் விண்டோஸ் 7 இருந்தது, அதன் மேலேயே 10 ஏற்றி இவ்வளவு காலமும் ஒழுங்காக ஓடியது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு 10க்கு அப்டேட் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னதால் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பைல் ஒன்றும் போகாமல் 11 ஆக்கித் தருகிறோம் என்றார்கள், சொன்னபடி பைல் ஒன்றும் போகவில்லை, போட்டோ வேலையும் நடக்கிறது, ஆனால் டிவிடி டிரைவ் மட்டும் காணாமல் போய்விட்டது. தட்டு திறக்கிறது, லைட் எரிகிறது, விண்டோசுக்கு முதல் வருகிற பயோஸ் திரையில் பெயரும் காட்டுகிறது, விண்டோசுக்குள் வந்தால் இல்லை. கடையில் கேட்டால் டிரைவ் பழுது, இப்ப யார் அண்ணே சீடி பாவிக்கிறது என்கிறார்கள்.

நான் பாவிக்கிறேனே. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், அப்புறம் ஓகஸ்ட் லீவில் வருகிறவர்கள் எல்லாரும் பழைய கல்யாண டிவிடி, சாமத்திய வீட்டு டிவிடி கொண்டுவந்து பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்கிறார்கள். அது எனக்கு நல்ல வரும்படி.

இரண்டாவது பிரச்சினை. சரி, சுத்தமாக 11ஐ அடித்துவிடுவோம் என்று மச்சானின் பழைய லெப்டொப்பில் இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றி இதில் பூட்டினேன். நண்பர் ஒருவர் இரட்டை அடுக்கு டிவிடியில் விண்டோஸ் 11 ரைட் பண்ணித் தந்தார். அந்த டிஸ்க்கிலிருந்தே கம்ப்யூட்டர் பூட் ஆகிறது, மொழி கேட்கிறது, இன்ஸ்டோல் என்று அமத்தியதும் "தேவையான மீடியா டிரைவர் ஒன்று இல்லை, டிவிடியிலோ யூஎஸ்பியிலோ இருந்தால் போடு" என்கிறது. டிஸ்க்கிலிருந்து வந்துவிட்டு டிஸ்க்கைத் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? பென்னில் செய்து பார்த்தேன், அது இன்னொரு கதை: டிஸ்க் தெரிவுசெய்யும் இடம் வரை போய், இது ஜிபிடி வகை, இதில் போட முடியாது என்று நிற்கிறது. டிரைவை மாற்றுவதா, எஸ்எஸ்டியை மாற்றுவதா, மெஷினையே மாற்றுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்முனை வயர்:

தம்பி, ஒன்றையும் மாற்ற வேண்டாம், கடைக்கு இன்னும் காசும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு வருத்தம் இல்லை, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் டிரைவ் செத்தமாதிரித் தெரிகிறது.

டிஸ்க்கிலிருந்து பூட் ஆகி டிஸ்க்கைத் தெரியாது என்பதை முதலில் சொல்கிறேன், இந்தக் கேள்வி என்னிடம் கடையிலும் அடிக்கடி வரும். பூட் ஆகும்போது டிவிடியைப் படிப்பது பயோஸ். அது ஒரு சின்ன விண்டோசை எடுத்து ரேமில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சின்ன விண்டோஸ் தன் சொந்த டிரைவரை, அதாவது டிவிடி டிரைவோடு பேசுகிற சொப்ட்வெயரை, வைத்து டிவிடியைத் திரும்பத் தேடி, இன்ஸ்டோல்.விம் என்ற பெரிய பைலை எடுக்க வேண்டும். கல்முனையிலிருந்து காத்தான்குடி வரை ஒரு பஸ், அங்கே இறங்கி வேறு பஸ் மாதிரி. இரண்டாவது பஸ் வராவிட்டால் அது "டிரைவர் இல்லை" என்று எழுதிக் காட்டும். அந்த வசனத்தை அப்படியே நம்பி டிரைவர் தேடி அலைய வேண்டாம். டிவிடியில் வந்தால் பெரும்பாலும் டிரைவர் இல்லாதது காரணமே இல்லை, டிஸ்க்கைச் சரியாகப் படிக்க முடியாததுதான் காரணம். ஐஎஸ்ஓ பைல், அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே பைலாக்கினது, இறங்கும்போது எங்கோ உடைந்திருக்கும், இல்லை வேகமாக ரைட் பண்ணியிருப்பார்கள். இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில் சறுக்குவது சாதாரணம்.

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேலே. சாதாரண டிவிடி 4.7 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கம்ப்யூட்டர் கணக்கில் 4.38தான் வரும். ஆகவே 8.5 ஜிபி டிஸ்க் இல்லாமல் அது கொள்ளாது, அந்த டிஸ்க்கோ இப்ப கிடைப்பதே குறைவு, கிடைத்தாலும் பெட்டியில் எத்தனை வருடம் கிடந்ததோ தெரியாது. டிவிடியில் விண்டோஸ் அடிக்கும் காலம் போய்விட்டது தம்பி, உங்கள் டிரைவ் கல்யாண டிஸ்க்குக்கு இருக்கட்டும்.

இப்ப எனக்கு ஒன்று சொல்லுங்கள். ஸ்டார்ட்டில் வலது கிளிக், டிவைஸ் மனேஜர். அங்கே டிவிடி டிரைவ் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கிறதா, இல்லை பெயரே இல்லையா? முக்கோணம் இருந்தால் அதை இரண்டு தரம் கிளிக் பண்ணி, கோட் எத்தனை என்று எழுதுங்கள்.


வாவிக்கரை:

யூஎஸ்பியில் குத்துகிற டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. எதற்கு இவ்வளவு மினக்கெடுவான்.


கல்முனை வயர்:

@வாவிக்கரை பழுது விண்டோசுக்குள் இருந்தால் யூஎஸ்பி டிரைவைக் குத்தினாலும் அதே முக்கோணம்தான் வரும். அந்த வகுப்பில் உள்ள எல்லா டிரைவையும் அது பிடித்துக்கொள்ளும். வாங்கிவிட்டு வந்து அதுவும் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.


நெல்லுவட்டை:

அஸ்ஸலாமு அலைக்கும். வயர் நானா சொன்னது சரி, ஆனால் டிரைவ் நல்லதா பழுதா என்று ஊகிக்கத் தேவையில்லை, பார்த்தே சொல்லலாம். லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ்ஸை ஒரு பென்னில் போட்டு, ஒன்றும் இன்ஸ்டோல் பண்ணாமல் பென்னிலிருந்தே ஓடவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட மாறாது. டெஸ்க்டொப் வந்ததும் ஒரு கல்யாண டிஸ்க்கைப் போடுங்கள். அதில் டிஸ்க் திறந்தால் டிரைவ், கேபிள், மதர்போர்ட் எல்லாம் நல்லம், குற்றம் விண்டோசில். அதிலும் திறக்காவிட்டால் கேபிளைப் பாருங்கள். நான் சம்மாந்துறை, வயல் பக்கம், எனக்குத் தூசு. உங்களுக்குக் கடற்கரைப் பக்கம், உப்புக்காற்று சாட்டா கேபிளின் முனையைக் கறுக்க வைத்துவிடும். கழற்றித் திரும்பப் பூட்டினாலே சிலவேளை சரிவரும், இல்லாவிட்டால் வேறு கேபிள்.

அப்படியே மிண்டை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்பது என் எண்ணம். நாலாம் தலைமுறை ஐ5க்கு விண்டோஸ் 11 முறைப்படி இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கிறது. கடைக்காரர் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார். இப்ப ஓடும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும்.


கல்முனை வயர்:

பென்னில் சோதிக்கிற யோசனை அருமை, அதை முதலில் செய்யுங்கள். மிண்டுக்கே மாறுங்கள் என்பதோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை நானா. அவர் ஸ்டூடியோக்காரர், போட்டோஷொப் மிண்டில் நேராக ஓடாது, ஆல்பம் டிசைன் எல்லாம் போட்டோஷொப்பில்தான் வைத்திருப்பார். ஒரு தொழிலை நிறுத்திவிட்டு ஓஎஸ் மாற்றச் சொல்ல முடியாது. நாலாம் தலைமுறையில் 11 ஓடுவதற்குத் தடையும் இல்லை, 24எச்2 பதிப்பிலிருந்து அது கட்டாயம் கேட்கிற எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இந்தச் சிப்பில் உண்டு. பழைய கோர் 2 டுவோ என்றால்தான் அறவே பூட் ஆகாது.

பயமாக இருந்தால் 10ஐயே வைத்துக்கொண்டு, மைக்ரோசொப்ட் கொடுக்கிற நீட்டிப்பில் சேர்ந்து 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் எடுத்திருக்கலாம். இப்ப அதைப் பேசிப் பயனில்லை, மெஷின் 11க்குப் போய்விட்டது.


எழுவான்:

மிண்ட் பென்னில் டிஸ்க் திறந்தது! 2008ஆம் ஆண்டுக் கல்யாணம் ஒன்று, படமும் ஓடியது. அப்போ டிரைவ் நல்லம். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கிறது, கோட் 19 என்று போட்டு, ரெஜிஸ்ட்ரியில் உள்ள விவரம் குறைந்திருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அன்இன்ஸ்டோல் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணினால் திரும்ப அதே முக்கோணம்.


கல்முனை வயர்:

19 என்றால் சந்தோஷம், இது பழைய ஆள். 31, 32, 39, 41 என்று வந்தாலும் இதே மருந்துதான்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 7 காலத்தில் டிஸ்க் ரைட் பண்ணும் சொப்ட்வெயர் ஏதாவது போட்டிருப்பீர்கள், எல்லா ஸ்டூடியோவிலும் இருக்கும். அந்த வகைச் சொப்ட்வெயர்கள் டிவிடி டிரைவுக்கும் விண்டோசுக்கும் நடுவில் தங்கள் வடிகட்டி ஒன்றை நுழைத்து, அதன் பெயரை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோசின் அமைப்பு விவரமெல்லாம் இருக்கிற இடத்தில், எழுதிவைக்கும். 7க்கு மேல் 10, 10க்கு மேல் 11 என்று பைல் போகாமல் ஏற்றும்போது அந்தப் பெயர் அப்படியே கூடவே வரும். ஆனால் பெயருக்குரிய வடிகட்டிப் பைல் புதிய விண்டோசில் ஓடாது, அல்லது இல்லாமலே போயிருக்கும். விண்டோஸ் பெயரைப் பார்த்து ஆளைத் தேடும், ஆள் இல்லை, டிரைவையே திறக்க மாட்டேன் என்று நிற்கும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள், ஸ்டார்ட்டில் ரெஜ்எடிட் என்று அடித்தால் வரும். எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரண்ட்கொன்ட்ரோல்செட், கொன்ட்ரோல், கிளாஸ். கிளாசுக்குள் நீளமான இலக்கப் பெயர்களோடு நிறையக் கோப்புறை இருக்கும். உங்களுக்கு வேண்டியது 4டி36இ965 என்று தொடங்குவது. அதைக் கிளிக் பண்ணினால் வலது பக்கத்தில் கிளாஸ் என்ற வரிக்கு நேரே சீடிரோம் என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடத்தில் நிற்கிறீர்கள், கையை எடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் இரண்டு கோப்புறை தள்ளி 4டி36இ967 என்று ஒன்று இருக்கிறது, அது ஹார்ட் டிஸ்க்குகளுக்கு உரியது. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற வரி இருக்கும், ஆனால் அதில் இருக்கிற பார்ட்எம்ஜிஆர் விண்டோசின் சொந்த ஆள். அதை அழித்தால் மறுகா மெஷின் பூட்டே ஆகாது. யூடியூப் பார்த்து அவசரத்தில் அதை அழித்துவிட்டு வந்த மெஷின்கள் உண்டு.

965இல் நிற்கிறீர்கள் என்று உறுதியானதும், அந்தக் கோப்புறையில் வலது கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் கொடுத்து டெஸ்க்டொப்பில் ஒரு பிரதி வையுங்கள். பிறகு வலது பக்கத்தில் அப்பர்ஃபில்டர்ஸ், லோவர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரியையும் அழியுங்கள். ஒன்றுதான் இருந்தால் அந்த ஒன்று. பின்னால் பேக் என்று ஒட்டியிருக்கிற வரிகளைத் தொட வேண்டாம், அவை சும்மா கிடக்கும். ரீஸ்டார்ட். பழைய ரைட்டிங் சொப்ட்வெயர் இதற்குப் பிறகு ஓடாமல் போகலாம், போகட்டும், அதைக் கழற்றிவிடுங்கள்.

முக்கோணமே இல்லாமல், டிவைஸ் மனேஜரில் பெயரே காணாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். உங்கள் பிரச்சினை வேறு, கேபிளில் இருந்து தொடங்குங்கள்.


ஒலுவில் பிள்ளை:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. நான் ஒலுவில் கெம்பசில் படிக்கிறேன். என் லெப்டொப்பில் டிவிடி டிரைவே இல்லை, பதினோராம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 பென்னில் பூட் பண்ணினால் எங்கே போட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு டிஸ்க்குமே காட்டவில்லை, வெறுமையாக இருக்கிறது. எஸ்எஸ்டி பழுதோ என்று பயமாக இருக்கிறது. ஏற்கெனவே உள்ள விண்டோஸ் மெதுவாக என்றாலும் ஓடுகிறது.


கல்முனை வயர்:

தங்கச்சி, ஏற்கெனவே உள்ள விண்டோஸ் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டி பழுது இல்லை. உங்களுடையதில்தான் உண்மையாகவே டிரைவர் இல்லை. பதினோராம் தலைமுறையிலிருந்து நிறைய லெப்டொப்புகளில் எஸ்எஸ்டியை இன்டெல் விஎம்டி என்ற ஒன்றின் பின்னால் வைத்திருக்கிறார்கள், இன்ஸ்டோலருக்கு அதைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது. உங்கள் லெப்டொப் கம்பனியின் தளத்தில் உங்கள் மொடலைத் தேடி, ஸ்டோரேஜ் பகுதியில் இன்டெல் ரெபிட் ஸ்டோரேஜ் என்ற டிரைவரை இறக்குங்கள். இஎக்ஸ்இ ஆக வந்தால் அதை அப்படியே பென்னில் போட்டுப் பயனில்லை, பிரித்து உள்ளே இருக்கிற ஐஎன்எஃப் பைல்கள் தெரிகிற மாதிரி ஒரு கோப்புறையில் வையுங்கள். இன்ஸ்டோலர் வெறுமையாக நிற்கும்போது லோட் டிரைவர் அமத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயோசில் விஎம்டியை நிறுத்தினாலும் டிஸ்க் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். தெரியும், ஆனால் இப்ப ஓடுகிற விண்டோஸ் அதோடு பூட் ஆகாமல் போய்விடும், அசைன்மென்ட் உள்ளே இருந்தால் அழப் போகிறீர்கள். வைபை டிரைவரையும் அதே பென்னில் போட்டு வையுங்கள். 11 இன்ஸ்டோல் நடுவில் இன்டர்நெட் கேட்டு அடம்பிடிக்கும், வைபை டிரைவர் இல்லாமல் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். போன் கேபிளைக் குத்தி யூஎஸ்பி டெதரிங் கொடுத்தாலும் பெரும்பாலும் சரிவரும்.


எழுவான்:

அண்ணே, வந்துவிட்டது. 965இல் அப்பர்ஃபில்டர்ஸ், லோவர்ஃபில்டர்ஸ் இரண்டும் இருந்தன, பெயரைப் பார்த்ததும் தெரிந்தது, அது அந்தக் காலத்துக் கவர் அடிக்கிற, டிஸ்க் ரைட் பண்ணுகிற சொப்ட்வெயருடையது. அழித்து ரீஸ்டார்ட் பண்ணியதும் டிவிடி டிரைவ் நிற்கிறது. டிரைவ் பழுது என்று சொன்ன கடைக்குப் போய் ஒரு சொல் கேட்கத்தான் ஆசை, சரி விடுவோம்.

ஆனால் கல்யாண டிஸ்க்கைப் போட்டால் பைல்கள் தெரிகின்றன, விண்டோசின் மீடியா பிளேயரில் ஓடுகிறதில்லை. மிண்டில் ஓடியதே? இன்னும் ஏதாவது வடிகட்டி மிச்சம் இருக்கிறதா? பென், ஜிபிடி விஷயமும் அப்படியே நிற்கிறது.


நெல்லுவட்டை:

வடிகட்டி இல்லை தம்பி. விண்டோஸ் 8இலிருந்தே டிவிடிப் படம் ஓட்டுகிற வசதியை வெறும் விண்டோசோடு கொடுப்பதில்லை, எம்பெக் 2 உரிமக் காசு சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் 7இல் இருந்தது. விஎல்சி என்ற பிளேயரைப் போடுங்கள், காசில்லை. கல்யாண டிஸ்க்குகளில் கடைப் படம் மாதிரிப் பூட்டு ஏதும் இராது, ஆகவே பென்னில் போடுவதற்கு வீடியோ டிஎஸ் கோப்புறைக்குள் இருக்கிற விஓபி பைல்களை எடுத்து ஹேண்ட்பிரேக் என்ற சொப்ட்வெயரில் எம்பி4 ஆக்கிக் கொடுக்கலாம். ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபியோடு வெட்டப்பட்டிருக்கும், தனித்தனியாக மாற்றாமல் முழுக் கோப்புறையையும் ஹேண்ட்பிரேக்குக்குக் காட்டுங்கள், அப்போதுதான் தாலி கட்டுகிற நேரத்தில் படம் துண்டுபடாமல் வரும்.


கல்முனை வயர்:

ஜிபிடி விஷயம். உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் விண்டோஸ் 7 காலத்தது, எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறை, ஆகவே மெஷின் இவ்வளவு காலமும் பயோசின் பழைய முறையில், லெகசி என்பார்களே, அதில் பூட் ஆகிறது. மச்சானின் எஸ்எஸ்டி லெப்டொப்பிலிருந்து வந்ததால் ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறை. பென்னையும் லெகசியில் பூட் பண்ணியிருக்கிறீர்கள். பழைய முறையில் வந்து புதிய முறை டிஸ்க்கில் போடக் கேட்டால் அது மறுக்கத்தான் செய்யும். எஸ்எஸ்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் ஒன்றை ரூஃபஸ் என்ற சொப்ட்வெயரில் திரும்பச் செய்யுங்கள், பகுப்பு முறையில் ஜிபிடி, அடுத்த பெட்டியில் யூஈஎஃப்ஐ, அதாவது பூட் ஆகும் புதிய முறை. பைலை நேராகப் பென்னுக்குக் கொப்பி பண்ண வேண்டாம், பழைய எஃப்ஏடி32 முறையில் போர்மட் பண்ணின பென்னில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைல் ஏறாது, இன்ஸ்டோல்.விம் அதைவிடப் பெரிது. ரூஃபஸ் அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் கொடுத்ததும் டிபிஎம் சோதனையை எடுத்துவிடவா என்று கேட்கும், ஆம் என்று விடுங்கள், உங்கள் மெஷினுக்கு அது தேவை. நண்பரிடம் உள்ள அதே ஐஎஸ்ஓவை வாங்க வேண்டாம், அதுதான் டிவிடியில் உடைந்து நின்றதாக இருக்கலாம். இரவு டேட்டாவில் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள், பைல் உடையவில்லை என்று பார்ப்பதற்கு அங்கேயே போட்டிருக்கிற ஷா 256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப இறக்க வேண்டும்.

ஆரம்பிக்கிறதுக்கு முதல் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஊர்ச்சனத்தின் கல்யாணமெல்லாம் அதில்தானே கிடக்கிறது, டிலீட் அமத்தும்போது டிஸ்க் 0, டிஸ்க் 1 மாறிவிட்டால் யாராலும் காப்பாற்ற முடியாது. அதோடு இரண்டு டிஸ்க்கும் பூட்டியிருந்தால் விண்டோஸ் சிலவேளை பூட் பைலை மற்ற டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், பின்னால் அதைக் கழற்றினால் மெஷின் எழும்பாது. பூட் மெனுவில் பென்னின் பெயர் இரண்டு தரம் காட்டும், முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தெரியுங்கள். எஸ்எஸ்டியில் உள்ள பகுதிகளை எல்லாம் டிலீட் பண்ணி, வெறும் இடமாக்கி நெக்ஸ்ட் கொடுங்கள். மச்சான் தன் பைலை எடுத்துவிட்டாரா என்று அதற்கு முதல் கேளுங்கள். யூபிஎஸ்ஸில் குத்திச் செய்யுங்கள், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பப் பூட்டலாம். பைல் வைப்பதற்கு அது எம்பிஆராகவே இருக்கட்டும், ஒரு பிரச்சினையும் இல்லை. அதிலிருக்கிற பழைய விண்டோசுக்குத் திரும்பப் போக வேண்டி வந்தால் மட்டும் பயோசை லெகசிக்கு மாற்ற வேண்டும்.


எழுவான்:

விஎல்சியில் ஓடுகிறது. ஐஎஸ்ஓ இன்றிரவு இறக்குகிறேன். ஒரு அம்மா கொண்டுவந்த டிஸ்க் ஒன்று மட்டும், அடிப்பக்கம் பார்த்தால் ரைட் பண்ணின வட்டம் தெரிகிறது, கம்ப்யூட்டரில் வெறும் டிஸ்க் என்று காட்டுகிறது. மிண்டிலும் அப்படித்தான்.


நெல்லுவட்டை:

அது டிவிடி ரெக்கோர்டரிலோ டிஸ்க் போடுகிற கமெராவிலோ நேராக எடுத்ததாக இருக்கும், கடைசியில் ஃபைனலைஸ், அதாவது டிஸ்க்கை முடித்து மூடுவதை, பண்ணாமல் விட்டிருப்பார்கள். பண்ணாத டிஸ்க் பெரும்பாலும் எடுத்த மெஷினில் மட்டும்தான் ஓடும். அந்த அம்மாவிடம் யார் எடுத்தது என்று கேளுங்கள், அந்த ரெக்கோர்டர் இன்னும் எங்காவது அலுமாரியில் கிடந்தால் அதில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுத்தால் உங்கள் டிரைவில் திறக்கும். அதே கம்பனியின் வேறு ரெக்கோர்டரிலும் சிலவேளை எடுபடும். அதற்கிடையில் புதிதாக ஒன்றையும் அதில் ரைட் பண்ண வேண்டாம், விண்டோஸ் போர்மட் பண்ணவா என்று கேட்டால் இல்லை என்று விடுங்கள்.


ஒலுவில் பிள்ளை:

வயர் அண்ணா, லோட் டிரைவர் கொடுத்ததும் டிஸ்க் வந்தது. 512 ஜிபி, நாலு பகுதியாகக் காட்டுகிறது. ரிக்கவரி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் அழிக்கவா?


கல்முனை வயர்:

கம்பனி விண்டோசுக்குத் திரும்பப் போகும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிட்டு, விண்டோஸ் இருக்கிற பெரிய பகுதியை மட்டும் போர்மட் அடித்து அதிலேயே போடுங்கள். அசைன்மென்ட் எல்லாம் வெளியே எடுத்தாயிற்றா?